ஆடு மாறிய மூன்று வாரம்

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் முடக்குவாதத்துக்கு ரத்தம் பார்க்க ஒரு செம்மறியாடு வேண்டும். சொன்னால் உங்களில் சிலர் சிரிப்பீர்கள். நீங்கள் சாம்பிளை வைத்துப் பட்டனைத் தட்டினால் மத்தியானத்துக்குள் நூறு பேருடைய முடிவையும் மெஷின் அச்சடித்துத் தந்துவிடுகிறது. போன மாதம் உங்கள் லேப்பைப் பார்க்க வந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம், "மேடம், உங்க காலத்துல தப்பு நடந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டாள். அன்று அவளுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. நான் செய்த ஒரு தப்பையும் அது வெளியே வந்த விதத்தையும் இங்கே எழுதுகிறேன். அதுதான் நேர்மையான பதிலாக இருக்கும்.

அறுபதுகளின் தொடக்கம். பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி. அதன் லேப்பில் நான் டெக்னீஷியன். காக்ஸ் டவுனில் வீடு, சைக்கிளில் வேலைக்கு வருவேன். எங்களுக்கு மேலே ஒரு டாக்டர், மைசூர்க்காரர். மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து வார்டு பக்கம் போகவே மாட்டார். என்னோடு தமிழில்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். அட்டெண்டர் கௌஸ் பாய். ஆட்டைப் பராமரிப்பது, அதன் ரத்தத்தை எடுத்துத் தருவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் ஆடு கட்டியிருக்கும்.

பரிசோதனை இதுதான். முடக்குவாதம் உள்ளவர்களில் பெரும்பாலானோர் ரத்தத்தில் ஒரு பொருள் இருக்கும். அவர்களுடைய சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீரை, பக்குவப்படுத்திய ஆட்டு ரத்த அணுக்களோடு கலந்து, படிப்படியாக நீர்க்கச் செய்து ஒரு வரிசைக் குழாய்களில் மறுநாள் காலைவரை குளிரில் வைப்போம். அந்தப் பொருள் இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழாயின் அடியில் பாய் விரித்த மாதிரி பரவியிருக்கும். இல்லையென்றால் உருண்டு இறங்கிக் குங்குமப் பொட்டு மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்கும். பாய் என்றால் பாசிட்டிவ், பொட்டு என்றால் நெகட்டிவ். ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு கன்ட்ரோல் வைக்க வேண்டும், அதாவது நிச்சயம் பாசிட்டிவ் என்று நமக்குத் தெரிந்த ஒருவருடைய சீரம். எங்கள் கன்ட்ரோல் காக்ஸ் டவுனில் எங்கள் தெருவிலேயே இருந்த கிரேஸ் டீச்சர். பல வருடமாக முடக்குவாதம். பியானோ சொல்லிக் கொடுத்தவர், விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோய்ப் பாடத்தை நிறுத்திவிட்டார். "இந்த ரத்தம் யாருக்காவது உபயோகப்படட்டும்" என்று சொல்லி அவ்வப்போது கொடுப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை லேப் ஜன்னலுக்கு ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். தொழிற்சாலை யூனிஃபார்ம் சேலை. கையில் மடித்த இரண்டு தாள்.

"சிஸ்டர், ரத்த ரிப்போர்ட் எழுதுறவங்க யாரு?"

"நான்தான். என்ன வேணும்?"

"நான் சரோஜா. ஜோகுபாளையம். என் ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குட்த்தது நீங்களா?"

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். முடக்குவாதப் பரிசோதனை, நெகட்டிவ். அதற்குக் கீழே டாக்டரின் கையொப்பம். இன்னொரு தாள் அவள் வேலை செய்த தொழிற்சாலை கொடுத்த மெமோ. அவள் அங்கே மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றி மின்கருவிகளுக்குக் 'காயில்' செய்கிறவள். மெமோவில் இருந்தது இது: நாலு மாதமாக எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, வலி என்று சொல்கிறாள், மருத்துவப் பரிசோதனையில் நோய் எதுவும் இல்லை என்று தெரிகிறது, வேண்டுமென்றே வேலையைத் தாமதப்படுத்தியதாக ஏன் கருதக்கூடாது, திங்கட்கிழமை விசாரணைக்கு வரவும்.

"ரத்தத்துல இருக்கறதைத்தான் நான் எழுத முடியும்மா. இல்லாததை எழுத முடியாது" என்றேன். அந்த வாக்கியத்தில் அன்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அவள் சண்டை போடவில்லை. மெமோவைத் திரும்ப வாங்கி மடிக்கப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தாளை வைத்து, அப்பளத்தை அழுத்துகிற மாதிரி அழுத்தி மடித்தாள். விரல் கணுக்கள் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கிப் பளபளவென்று இருந்தன.

"நான் பொய் சொல்றேன்னா சிஸ்டர்? காலைல எழுந்தா என் புள்ளைக்கு சட்டை பட்டன் போட முடியல. சூபர்வைசர் நடிக்கிறேன்றாரு. வூட்டுக்காரரும் உங்க பேப்பரைப் பார்த்துட்டு, 'அப்புறம் இன்னா உனக்கு'ன்னு கேக்குறாரு. ரத்தமே அப்டி சொல்லிட்ச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

அவள் போன பிறகும் என்னால் வேலையில் கவனம் வைக்க முடியவில்லை. ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்த்தேன். அவளுக்கு முன்னால் ஒரு நெகட்டிவ். அதற்கு முன்னாலும் நெகட்டிவ். மூன்று வாரத்தில் பதினோரு பேர், பதினொன்றும் நெகட்டிவ். அதற்கு முந்தைய மாதங்களில் நாலைந்து பேரில் ஒருவருக்காவது பாசிட்டிவ் வந்திருக்கிறது. கன்ட்ரோலுக்கான கட்டத்தைப் பார்த்தேன். மூன்று வாரமாக அது காலியாக இருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். கன்ட்ரோல் சீரம் தீர்ந்துபோயிருந்தது. கிரேஸ் டீச்சர் மெட்ராஸில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம், அதுவரை வேலை நிற்க வேண்டாம் என்று நானே முடிவு செய்து கொண்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. அவரும் அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை.

டீச்சர் முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பியிருந்தார். அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்தேன். புதன்கிழமை வைத்தேன். வியாழக்கிழமை காலை குழாய்களை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஊரிலேயே யாருக்குப் பாசிட்டிவ் என்று சத்தியம் செய்வேனோ, அந்த டீச்சருடைய சீரம் குழாய்க்குக் குழாய் அழகான சிவப்புப் பொட்டாக உட்கார்ந்திருந்தது.

கௌஸ் பாயைக் கூப்பிட்டேன்.

"பாய், நம்ம ஆட்டுக்கு என்ன ஆச்சு?"

"எந்த ஆடு மிஸ்ஸம்மா? பழைய ஆடுதான் மௌத் ஆயிடுச்சே, மூணு வாரம் ஆச்சு. புது ஆடு வாங்கினேன். உங்கள்ட்ட சொன்னேனே."

"எப்ப சொன்னீங்க?"

"நீங்க எழுதிக்கிட்டு இருந்தீங்க. 'மிஸ்ஸம்மா, வேற ஆடு வந்திருக்கு, பார்க்குறீங்களா'ன்னு கேட்டேன். 'ஆடுன்னா ஆடுதானே பாய், ரத்தத்தை எடுத்து வைங்க'ன்னு சொன்னீங்க." குற்றம் சொல்கிற குரலே இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

அவர் சொன்னது எனக்கு நினைவு வந்தது. ஒவ்வோர் ஆட்டின் அணுவும் ஒரே மாதிரி ஒட்டாது, சில ஆடுகளுடையது ஒட்டவே ஒட்டாது என்று பயிற்சியில் படித்திருக்கிறேன். பரீட்சையில்கூட எழுதியிருக்கிறேன். லேப்பில் அதே ரத்தத்தை இன்னொரு பரிசோதனைக்கும் பயன்படுத்தி வந்தோம். அது புது ஆட்டிலும் ஒழுங்காக நடந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கன்ட்ரோல் ஒன்று வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டை, காலிக் கட்டத்தை, பதினோரு பேரை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கொஞ்ச நேரம் கன்னடத்தில் பேசினார். அதை இங்கே எழுத வேண்டாம். பிறகு தமிழுக்கு வந்தார்.

"திங்கட்கிழமை விசாரணைன்னு சொன்னியே, அந்தப் பொண்ணுக்கு மட்டும் திரும்பப் பண்ணு. சாம்பிள் கெட்டுப்போச்சு, ரிப்பீட் பண்ணினோம்னு எழுதிக்கலாம். மத்தவங்களுக்கு எப்படியும் முக்கால்வாசி நெகட்டிவாத்தான் இருக்கும்."

"முக்கால்வாசின்னா மிச்சம் கால்வாசி யாரு சார்?"

"ஸ்டெல்லா, பதினோரு ரிப்போர்ட்டையும் தப்புன்னு எழுதினா நாளைக்கு எந்த டாக்டர் நமக்கு ரத்தம் அனுப்புவான்?"

"தெரியலை சார். ஆனா சாம்பிள் கெடலை. கெட்டுப்போச்சுன்னு என் கையால எழுத முடியாது."

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. வேலை நிரந்தரம் ஆகவில்லை. அவரிடம் அப்படிப் பேசுவேன் என்று அந்த அறைக்குள் நுழையும்வரை நானே நினைக்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணாடியை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"சரி, டைப் அடி. கன்ட்ரோல் வைக்காதது உன் தப்பு. அதைப் பார்க்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு. லெட்டர்ல ரெண்டும் இருக்கட்டும்."

ரத்தம் அனுப்பிய டாக்டர்களுக்குப் பதினோரு கடிதம் டைப் செய்தேன். இந்தத் தேதியிட்ட எங்கள் முடிவை நம்ப வேண்டாம், பரிசோதனையில் எங்கள் பக்கம் குறை நேர்ந்திருக்கிறது, சேமித்து வைத்த சீரத்தில் மறுபடி செய்து தெரிவிக்கிறோம். அவர் ஒவ்வொன்றையும் படித்துக் கையெழுத்துப் போட்டார். சரோஜாவை அனுப்பியிருந்த தொழிற்சாலை டாக்டருக்கான கடிதத்தைக் கௌஸ் பாய் சைக்கிளில் கொண்டுபோய் நேரில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பாய் தனக்குத் தெரிந்த ஆட்டுக்காரரிடம் போய் நாலு ஆட்டின் ரத்தத்தைத் தனித்தனி பாட்டிலில் கொண்டுவந்தார். எதைவிட எது நல்லது என்று தெரியாது. அதனால் நாலிலும் கிரேஸ் டீச்சருடைய சீரத்தை வைத்தேன். பக்கத்திலேயே சரோஜாவுடையதையும் வைத்தேன். மற்றவர்களுடையது காத்திருக்கலாம், இவளுக்குத் திங்கட்கிழமை.

சனிக்கிழமை வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டேன். டீச்சருடைய வரிசையில் முதல் ஆட்டிலும் இரண்டாவதிலும் நாலாவதிலும் மங்கல். மூன்றாவதில் பளிச்சென்று பாய். கடைசிக் குழாய்வரை பாய். பழைய நண்பரைப் பார்த்த மாதிரி இருந்தது. உடனே சரோஜாவின் வரிசைக்குப் போனேன்.

பொட்டு. மூன்றாவது ஆட்டிலும் பொட்டு. முதல் குழாயிலிருந்து கடைசிக் குழாய்வரை, நாலு ஆட்டிலும், சந்தேகத்துக்கு இடமில்லாத நெகட்டிவ்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு நாளாக என் மனதில் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. சரியான ஆடு கிடைக்கும், பாசிட்டிவ் வரும், நான் தாளை எடுத்துக்கொண்டு ஓடுவேன், அவள் வேலை பிழைக்கும். என் தப்பும் அதோடு கழுவப்பட்டுவிடும். குழாய்களைப் பார்த்தபோது அவள்மேல்கூட எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. நிஜமாகவே நடிக்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் உங்களுக்கும் ஒரு நாள் இப்படித் தோன்றும், அதனால் சொல்கிறேன்.

டாக்டரிடம் போய், "சார், திரும்பவும் நெகட்டிவ்தான். இந்தத் தடவை டெஸ்ட் சரி" என்றேன்.

அவர் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். சரோஜாவின் வரியில் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போய் இன்னொரு கட்டத்தில் நிறுத்தினார். ரத்த அணுக்கள் இறங்கும் வேகத்துக்கான கட்டம். நீங்கள் இஎஸ்ஆர் என்று தினமும் பார்ப்பது. உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று அது சொல்லும், எங்கே என்று சொல்லாது. அதில் எழுபத்திரண்டு என்று எழுதியிருந்தது.

"இதை யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"ரெண்டையும் நீதான் எழுதினே. ஒண்ணைத்தான் படிச்சிருக்கே. நானும் அப்படித்தான்." ரிஜிஸ்டரை மூடினார். "அந்தப் பொண்ணை வரச் சொல்லு."

நானே சைக்கிளில் ஜோகுபாளையம் போய் அழைத்து வந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைகளுக்கு நடுவில் புகுந்து வரும்போது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இப்ப ரத்தம் இன்னா சொல்லுது சிஸ்டர்?" டாக்டரே சொல்வார் என்றேன்.

டாக்டர் அவளை உட்காரவைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் ஒரு நோயாளியைத் தொட்டுப் பார்த்ததை அன்றுதான் பார்த்தேன். ஒவ்வொரு கணுவாக அழுத்தினார். முஷ்டி பிடிக்கச் சொன்னார். விரல்கள் பாதியில் நின்றன. புறங்கையின் கணு வரிசையைச் சேர்த்துப் பிடித்து லேசாக நெருக்கினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை, கண்ணில் நீர் வந்துவிட்டது.

"காலையில கை இறுக்கமா இருக்கா? எவ்வளவு நேரம்?"

"சமையல் முடிச்சு, புள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்புற வரைக்கும் சார். பஸ்ல கம்பியப் புடிக்க முடியாது. முழங்கையால மாட்டிக்குவேன்."

"கால்?"

"கால் விரலும்தான். செருப்பு போட்டா முள்ளு மேல நிக்கிற மாதிரி கீது."

அவர் எழுந்து போய்த் தானே டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார். இரண்டு விரலால் தட்டித் தட்டி ஒரு பக்கம் எழுதினார். சரியாக நடந்த மறுபரிசோதனையிலும் முடிவு நெகட்டிவ், ஆனால் இந்த நோய் உள்ள சிலருக்கு, முக்கியமாகத் தொடக்கத்தில், இந்தப் பரிசோதனை நெகட்டிவாகவே இருக்கும், இவருடைய மூட்டுகளும் இஎஸ்ஆரும் நோய் இருப்பதைக் காட்டுகின்றன, நேரில் பார்த்துச் சொல்வது நான். கடைசி நாலு வார்த்தைக்கு அடியில் பேனாவால் கோடு போட்டார்.

திங்கட்கிழமை விசாரணை நடந்தது. சாயங்காலம் தொழிற்சாலை டாக்டர் லேப்புக்கு போன் செய்தார். எடுத்தது நான்தான்.

"உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க. இந்த ரெண்டாவது லெட்டர் மட்டும் வந்திருந்தா, யாரோ சிபாரிசு பிடிச்சிருக்காங்கன்னு தூக்கிப் போட்டிருப்பேன். 'எங்க தப்பு'ன்னு உங்ககிட்டேருந்தே முன்னாடி ஒரு லெட்டர் வந்துது பாருங்க. அதனால இதை நம்பினேன்."

சரோஜாவுக்கு இரண்டு மாதம் மருத்துவ விடுப்பு கிடைத்தது. திரும்பி வந்ததும் காயில் சுற்றும் மேஜையிலிருந்து எடுத்து, மற்றவர்கள் சுற்றியதை மீட்டரில் சோதிக்கும் பிரிவில் போட்டார்கள். மெமோவை ரத்து செய்தார்கள்.

மற்ற பத்துப் பேரில் மூன்று பேருக்குச் சரியான ஆட்டில் பாசிட்டிவ் வந்தது. இரண்டு பேரைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டோம். மூன்றாவது ஆள் ரயில்வேயில் கூலி வேலை செய்தவர். அவருக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தது. ஒக்கலிபுரத்தில் அவர் கொடுத்திருந்த விலாசத்துக்கு நானே போனேன். ஆஸ்பத்திரியில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், மந்திரிக்கப் போகிறேன் என்று குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டாராம். எந்த ஊர் என்று பக்கத்து வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஆற்காடு பக்கம் என்றார்கள், அவ்வளவுதான். அவர் பெயர் எனக்கு இன்றும் தெரியும். எந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போதும் அந்தப் பெயர் ஒரு தடவை வந்துவிட்டுப் போகும். வேலையை விட்ட பிறகும் அது நிற்கவில்லை.

அந்த வாரத்திலிருந்து எங்கள் லேப்பில் இரண்டு மாற்றம் செய்தோம். கன்ட்ரோல் இல்லாத நாளில் பரிசோதனை இல்லை, யார் வந்து அவசரம் என்று சொன்னாலும் இல்லை. நெகட்டிவ் என்று எழுதினால், இதனால் நோய் இல்லை என்று ஆகாது என்றும் சேர்த்து எழுதுவோம். இரண்டாவதற்குச் சில டாக்டர்கள் கோபித்துக்கொண்டார்கள். உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் எதற்கு லேப் என்று ஒருவர் கேட்டார். பிறகு ஆடு போய் லேடக்ஸ் என்ற ரப்பர்ப்பால் துகள் வந்தது. லேடக்ஸ் போய் மெஷின் வந்தது. இப்போது ஆன்டி-சிசிபி என்று இன்னும் கூர்மையான ஒன்றை நீங்கள் பார்க்கிறீர்கள். அதிலும் நெகட்டிவ் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் காலையில் சட்டை பட்டன் போட முடிவதில்லை.

தப்பை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டாளே அந்தப் பெண், அவளுக்குச் சொல்கிறேன். நான் கண்டுபிடிக்கவில்லை அம்மா. பாதிக்கப்பட்டவள் ஜன்னலுக்கு வந்து நின்றாள். நான் செய்ததெல்லாம் அவள் போன பிறகு ரிஜிஸ்டரைத் திறந்ததுதான். உங்கள் லேப்பில் ஜன்னலே இல்லை என்று பார்த்தேன். சாம்பிள் குழாய் வழியாக வருகிறது, முடிவு கம்ப்யூட்டர் வழியாகப் போகிறது. ஆகவே நீங்கள்தான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

சரோஜா ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் பொட்டு. இரண்டு வருடம் கழித்து ஒரு காலை, அவள் வரிசையில் பாய் விரிந்திருந்தது. கன்ட்ரோலைப் பார்த்தேன், சரியாக இருந்தது. திரும்பவும் பார்த்தேன். அவள் வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் காபி குடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, ரிப்போர்ட் எழுதுவதற்கு முன்னாலேயே ஓடினேன்.

"சரோஜா, இந்தத் தடவை பாசிட்டிவ் வந்திருக்கு!"

சொன்ன பிறகுதான், இது சந்தோஷமாகச் சொல்கிற சேதி இல்லை என்று உறைத்தது. அவள் டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவால்ல சிஸ்டர். எனக்கு வலிக்குதுன்னு இன்னிக்காவது உங்களுக்குத் தெரிஞ்சுதே."